நடக்கிறவரிடம் பேச்சுக் கொடுக்கலாமா? முதியோர் விழுவது குறித்து நாம் விடும் தவறுகள்

வீட்டில் வயதானவர் ஒருவர் விழுந்துவிட்டால், நாம் முதலில் குறைசொல்வது அவருடைய முழங்காலையோ ஈரத் தரையையோதான். நடப்பதற்குக் கவனமும் வேண்டும் என்பது எவருக்கும் நினைவில் வருவதில்லை. வயது ஏற ஏறப் பார்வையும் பாத உணர்வும் மங்குவதால், முன்பு தன்பாட்டில் நடந்த காரியத்தை மூளையின் முன்பகுதி மேற்பார்த்து நடத்த வேண்டியதாகிறது. அதே வேளையில் ஒரு கேள்விக்கு விடையும் தேடச் சொன்னால், நடை தளர்ந்து, காலடிகள் சீர் குலைகின்றன.

சுவீடனில் லுண்டின்-ஓல்சனும் சக ஆய்வாளர்களும் 1997இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வில், பராமரிப்பு இல்லங்களில் வசித்த 58 பேரிடம் நடக்கும்போது பேச்சுக் கொடுத்தார்கள். பதில் சொல்வதற்காக நின்றவர்கள் 12 பேர். அவர்களில் 10 பேர் அடுத்த 6 மாதங்களுக்குள் விழுந்தார்கள். நிற்காதவர்களிலும் விழுந்தவர்கள் உண்டு என்பதால், பேசிக்கொண்டே நடப்பவருக்கு ஆபத்தில்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது.

திருகோணமலையில் இதைக் கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியிலேயே காணலாம். கோட்டை வாசலால் நுழைந்து ஏறும்போது ஒருபக்கம் மான்கள், மறுபக்கம் இறங்கி வரும் வாகனங்கள், மேலே போனால் கடைகள். அதற்கிடையில் "அப்பம்மா, அந்த மானைப் பாருங்கோ" என்று பின்னாலிருந்து கூப்பிடுகிறோம். அவர் திரும்புகிறார், கால் அடுத்த அடியைத் தவற விடுகிறது. சொல்ல வேண்டியதை அவரை நிறுத்திவிட்டு, முன்னால் வந்து சொல்லலாம். அவராகவே நின்று பதில் சொன்னால், "நடந்துகொண்டே சொல்லுங்கோ" என்று அவசரப்படுத்துவது அதைவிடப் பெரிய தவறு. அந்த நிற்றல் அவர் தமக்குத் தாமே செய்துகொள்ளும் காவல்.

வீட்டிலும் இப்படித்தான். கைபேசி மணி கேட்டதும் எழுந்து ஓடுவது, தேநீர்க் கோப்பையை ஏந்திக்கொண்டு வாசற்படி தாண்டுவது, இரவில் விளக்கைப் போடாமல் கழிவறைக்குப் போவது ஆகியவற்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

விழுந்துவிடுவார் என்ற பயத்தில் கதிரையோடு இருத்தி வைப்பதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன்: தசைகள் தளர்ந்து, அடுத்த விழுகைக்கே அது வழி செய்யும். தடையில்லாத சமதரையில், ஒருவர் பக்கத்தில் நிற்க, நடந்தபடியே எண்களைப் பின்னோக்கிச் சொல்லும் பயிற்சியை இயன்மருத்துவர்கள் கற்பிக்கிறார்கள். அவர்களைக் கேட்டுத் தொடங்குவது நல்லது. முன்பு பேசிக்கொண்டே நடந்தவர் அண்மையில்தான் நிற்கத் தொடங்கியிருக்கிறார் என்றால், அதை வைத்தியரிடம் சொல்லுங்கள். போகும்போது கிளினிக் கொப்பியோடு, அவர் எடுக்கும் நித்திரைக் குளிசைகளையும் கொண்டுபோய்க் காட்டுங்கள்.