பனி உருகி ஆறு, ஏரி மாறின கதை: இந்தத் தப்பையெல்லாம் பண்ணாதீங்க

ஐஸ் ஏஜ் முடியுறப்ப பனி மெதுவா உருகிச்சு, தண்ணி கொஞ்சம் கொஞ்சமா ஆத்துல கலந்துச்சு, அவ்ளோதான்னு நிறைய பேர் நெனச்சுட்டு இருக்காங்க, முதல் தப்பே அதுதாங்க. உருகுறது மெதுவாதான், ஆனா உருகின தண்ணி எங்க தேங்குச்சு, எது மறிச்சு நின்னுச்சு, அது எப்ப உடைஞ்சுதுன்னு பாக்கணும்.

அமெரிக்காவுல மொன்டானா பக்கம் கிளார்க் ஃபோர்க்னு ஒரு ஆறு. வடக்கேருந்து இறங்குன ஐஸ் பாளம் அந்த ஆத்துக்கு குறுக்க வந்து அணை மாதிரி உக்காந்துடுச்சு, பின்னாடி தேங்குனதுதான் மிசூலா ஏரி, அணைகிட்ட சுமார் 600 மீட்டர் ஆழம், மொத்தம் 2,000 கன கிலோமீட்டருக்கு மேல தண்ணி. ஐஸ் மிதக்குற பொருள்ங்கறத மறந்துடாதீங்க, ஏரி ஏற ஏற அணைக்கு அடியில தண்ணி புகுந்து உடைச்சுடும், அப்புறம் ஏரியே சில நாள்ல காலி.

அடுத்த தப்பு, இது ஒரே ஒரு வெள்ளம்னு சொல்றது. வாஷிங்டன் மாநிலத்துல வாலா வாலாங்கற ஊர் பக்கத்துல பர்லிங்கேம் பள்ளத்தாக்குல சுவர் மாதிரி நிக்குற மண்ணைப் பாத்தா வண்டலும் மணலும் சுமார் 40 அடுக்கு, ஒவ்வொண்ணும் ஒரு வெள்ளம். நடுவுல ஒரு எடத்துல செயின்ட் ஹெலன்ஸ் எரிமலைச் சாம்பல் மெல்லிசா படிஞ்சிருக்கு, காஞ்ச தரையில விழுந்த சாம்பல் அது, அதாவது ரெண்டு வெள்ளத்துக்கு நடுவுல நிலம் நல்லா காஞ்சு கெடந்திருக்கு. உடையும், ஐஸ் திரும்ப வந்து மறிக்கும், நிரம்பும், மறுபடி உடையும்.

கிட்ட நின்னு மட்டும் பாக்குறதும் தப்புதான். ஆத்து மணல்ல விரல் அளவுக்கு அலை வரி பாத்திருப்பீங்க இல்ல, மிசூலா ஏரி தேங்கியிருந்த காமஸ் பிரெய்ரிங்கற எடத்துல அதே வரி சில எடத்துல 10 மீட்டர் உயரத்துக்கு சரளைக்கல்லால ஆனது, மேல நின்னா சாதாரண மேடுன்னுதான் தோணும். பார்டீங்கற புவியியலாளர் 1942ல இத வேகமா ஓடுன தண்ணியோட தடம்னு விளக்கினாரு. ஆனா பிரெட்ஸ்ங்கற இன்னொரு புவியியலாளர் 1923லயே வாஷிங்டன் பக்கத்து நிலத்த அரிச்சது பெருவெள்ளம்தான்னு சொன்னவரு, பல வருஷம் யாரும் ஏத்துக்கல, 1979ல 96 வயசுல புவியியல் துறையோட பெரிய விருதான பென்ரோஸ் மெடல் குடுத்தாங்க. மனசு வலிக்குதுங்க இத படிக்கிறப்ப.

ஐஸ் ஏஜ்ல உருகின தண்ணி தேங்குன இன்னொரு பெரிய ஏரி அகாசிஸ், அதையும் மிசூலாவையும் போட்டு குழப்பாதீங்க, அகாசிஸ் கனடாவோட பெரும்பகுதிய மூடியிருந்த லாரன்டைட் பனிப்பாளத்தோட விளிம்புல தேங்குனது, மிசூலாவ மறிச்சது மேற்கு மலைப்பக்கம் இருந்த கார்டிலெரன் பனிப்பாளம். அமெரிக்காவுல மினசோட்டா ஆறு ஓடுற அகலமான பள்ளத்தாக்கும் இப்ப இருக்குற ஆறு வெட்டினது இல்ல, அகாசிஸ்லேருந்து வழிஞ்ச வாரன் ஆறு வெட்டிட்டுப் போனது.

இன்னொண்ணு, பழைய கரையெல்லாம் அப்பவும் இப்பவும் ஒரே மட்டத்துலதான் இருக்கும்னு கணக்கு போடாதீங்க. பனியோட கனத்துல அமுங்குன நிலம் இன்னும் எழும்பிட்டிருக்கு, ஹட்சன் விரிகுடா பக்கம் வருஷத்துக்கு சுமார் 1 செ.மீ., அதனாலதான் அகாசிஸோட பழைய கரையெல்லாம் வடக்க போகப்போக உசந்துட்டே போகுது.