அண்டியாபீஸில் உடைசலை யார் முதலில் சொல்கிறார்கள்?

கன்னியாகுமரி மாவட்டத்தின் மார்த்தாண்டம், கருங்கல் வட்டாரத்தில் அண்டியாபீஸ் என்று வழங்கும் முந்திரி ஆலைகளில், பணிக்குழுவின் நிலையை அறிய நான் கவனிப்பது ஒன்றைத்தான்: பருப்பு அதிகம் உடைகிறது என்ற செய்தி தோலெடுக்கும் மேசையிலிருந்தே மேற்பார்வையாளருக்கு வந்துசேர்கிறதா, மாலையில் தரம் பிரிக்கும்போதுதான் தெரியவருகிறதா?

பருப்பைத் தட்டுகளில் பரப்பி உலர்த்தும் சூட்டறையான போர்மாவில் சூடு மிஞ்சி உலர்ந்த பருப்பு கைபட்டதும் நொறுங்கும். உலர்வு போதாவிட்டால் தோல் ஒட்டிக்கொண்டு, சுரண்டும்போது உடையும். இதை முதலில் உணர்பவர்கள் தோலெடுக்கும் பெண்களே. ஆனால் ஒருவரை எல்லோர் முன்னிலையிலும் ஒருமுறை அதட்டிவிட்டால், மறுநாள் முதல் உடைசல் கூடையின் அடிக்குப் போய்விடும். போர்மாவோ அதே சூட்டில் எரிந்துகொண்டிருக்கும்.

ஆகவே, கேட்கும் முறையை முதலில் மாற்றுங்கள். "யார் உடைத்தது?" என்பதை விட்டு, "அக்கா, இது எந்தத் தட்டில் வந்த பருப்பு?" என்று கேளுங்கள். அவர் சொன்னதும் போர்மாவைச் சென்று பாருங்கள். என்ன சரிசெய்யப்பட்டது என்பதை அன்றே திரும்பி வந்து அவரிடம் சொல்லுங்கள். பலரும் தவறவிடுவது இந்தத் திரும்பி வருதலைத்தான். கிலோ கணக்கில் கூலி பெறுபவருக்குப் பேசும் நேரமும் கூலி இழப்பே என்பதால், கெட்ட தட்டால் குறைந்த எடைக்கு ஈடு தராமல் மனம்விட்டுப் பேசச் சொல்வது வெறும் உபசாரம்.

அமெரிக்க ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் 1990களில் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தபோது, நல்ல தலைமை உள்ள குழுக்களிலேயே மருந்துப் பிழைகள் கூடுதலாகப் பதிவாகியிருந்தன. அங்கே பிழையை மறைக்காமல் சொன்னார்கள் என்பதே அவர் தந்த விளக்கம். உங்கள் ஆலையிலும் தொடக்கத்தில் புகார்கள் பெருகினால் பதற வேண்டாம்.

உடைசலைப் போலவே விடுப்பும் மனத்தாங்கலுக்கு இடமாகும். ஓணம், கிறிஸ்துமஸ், ரம்ஜான் விடுப்புகளை யார் யாருக்கு என்று முன்கூட்டியே எழுதி ஒட்டிவிட்டால் பாதி மனத்தாங்கல் தீரும்.

மேற்பார்வையாளரிடம் சொல்ல இயலாத புகார்களும் உண்டு. 10 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் இடங்களில் பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு அமைக்க வேண்டும் என்கிறது 2013ஆம் ஆண்டுச் சட்டம். அதன் தலைவர் பெண்ணாகவும், உறுப்பினர்களில் குறைந்தது பாதிப்பேர் பெண்களாகவும், ஒருவர் வெளியாளாகவும் இருக்க வேண்டும். அவர்களின் பெயர்களையும் தொலைபேசி எண்களையும் அலுவலக அறைக்குள் ஒட்டாதீர்கள். அங்கே நின்று படிப்பவரை எல்லோரும் பார்ப்பார்கள். எல்லோரும் வழக்கமாக நிற்கும் இடமான கை கழுவும் குழாய்க்கு மேலே ஒட்டுங்கள்; அங்கே படிப்பவர் தனித்துத் தெரியமாட்டார்.