பழைய டெஸ்க்டாப்புக்கு கிராபிக்ஸ் கார்டு வாங்கும் முன்

கார்டின் வேகத்தை அலசுவதற்கு முன், கேபினெட்டைத் திறந்து எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டி) மேல் உள்ள லேபிளைப் படியுங்கள். மொத்த வாட்ஸை விட 12 வோல்ட்டில் எத்தனை ஆம்பியர் என்பதுதான் முக்கியம். அதை 12ஆல் பெருக்கினால் கார்டும் பிராசஸரும் பங்கு போட்டுக்கொள்ளும் வாட்ஸ் தெரிந்துவிடும்.

கார்டைச் செருகும் மதர்போர்டு ஸ்லாட் அதிகபட்சம் 75 வாட்ஸ்தான் தரும். பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் பலவற்றில், எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து கார்டுக்குக் கூடுதல் மின்சாரம் தரும் 6 பின் ஒயரே இருக்காது. அப்படியானால் 75 வாட்ஸுக்குள் அடங்கும் கார்டுதான் சரி. ஜிடிஎக்ஸ் 1650 என் முதல் தேர்வு. ஆனால் அதிலேயே 6 பின் கேட்கும் மாடல்களும் உண்டு, பார்த்து வாங்குங்கள். ஆர்எக்ஸ் 6400க்கு 53 வாட்ஸ் போதும். ஆனால் அது மதர்போர்டுடன் டேட்டா பரிமாற 4 லேன் (பாதை) மட்டுமே உள்ள கார்டு என்பதால் பழைய மதர்போர்டில் வேகம் குறையும்.

கேபினெட் ஒல்லியாக இருந்தால் லோ புரொஃபைல் (உயரம் குறைந்த) கார்டு மட்டுமே நுழையும். அப்புறம், நம்ம வேலூர் வெயில்! கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில் தூசி அடைத்த கேபினெட்டுக்குள் புதுக் கார்டைப் போடவே போடாதீர்கள். முதலில் சுத்தம் செய்து, பின்பக்கம் ஒரு ஃபேன் மாட்டுங்கள்.

செகண்ட் ஹேண்ட் என்றால், கடையிலேயே அரை மணி நேரம் கேம் ஓடவிட்டுப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.