வீட்டு சி.என்.சி ரவுட்டர்: பூட்டுவது முதல் பெயர்ப்பலகை வரை

கோவையில் கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் பட்டறைகளில் வார்ப்பிரும்பில் நிற்கும் மெஷின்களைப் பார்த்துப் பழகியவர்கள் வீட்டு ரவுட்டரை (கணினி சொல்படி நகர்ந்து, சுழலும் பிட்டால் மரத்தைக் குடையும் சிறு மெஷினை) வாங்கியதும் செய்கிற முதல் தவறு, அதே வேகத்தை இதனிடமும் கேட்பதுதான். 3018 என்று விற்கப்படும் வகைக்கு மேடை 300க்கு 180 மி.மீ. சட்டம் அலுமினியம், ஓடுவது 10 மி.மீ. கம்பிகள் மேல். கையால் அழுத்தினாலே ஸ்பிண்டில் (பிட்டைச் சுழற்றும் தண்டு) அசையும். அதனால் இதில் வேலை நன்றாக வருவதும் வராததும் மென்பொருளைவிட சட்டத்தின் நேர்த்தியையும் மரத்தின் பிடிப்பையும் பொறுத்தது. அந்த இரண்டுக்கும் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்குங்கள்.

இடம்

ஆடாத, கனமான மேசை வேண்டும். பழைய கிரைண்டர் மேடை, கடப்பாக்கல் திண்ணை எல்லாம் அருமையான இடம். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது வாசல் திண்ணையில் வைத்து எம்.டி.எஃப். (மர நாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை) வெட்டினால் தூசு வீடு முழுக்கப் போகும். உள் அறையும், வேக்குவம் குழாயும், என்-95 முகக்கவசமும் இருந்தால் நல்லது. எம்.டி.எஃப். தூசில் மரத்தோடு பசையும் சேர்ந்திருக்கிறது, துண்டை மூக்கில் கட்டிக்கொண்டால் அது நிற்காது.

மெஷினின் உலோகச் சட்டத்தையும் பவர் சப்ளையையும் எர்த்தில் இணையுங்கள். பழைய வீடுகளில் மூன்று கண் பிளக் இருக்கும், உள்ளே எர்த் வயர் இருக்காது. எலெக்ட்ரீஷியனை வைத்து ஒருமுறை சோதித்துவிடுவது நல்லது.

சட்டத்தை நேராக்குவது

போல்ட்டுகளை முதலில் விரல் இறுக்கம் மட்டும் கொடுங்கள். எக்ஸ் (இடவலம்), ஒய் (முன்பின்) இரண்டையும் கையால் முழு நீளத்துக்கு ஓட்டி, எங்கும் இறுகாமல் ஓடும் நிலையில் ஒவ்வொன்றாக முறுக்குங்கள். ஒரு முனையில் லேசாகவும் மறு முனையில் கனமாகவும் ஓடினால் இரண்டு கம்பிகளும் இணையாக இல்லை என்று அர்த்தம்.

செங்கோணம் பார்க்க மூலைமட்டத்தைவிட நம்பகமான வழி உண்டு. வி-பிட் (வி வடிவக் கூர்முனை பிட்) போட்டு மரத்தில் மூன்று புள்ளி குத்துங்கள்: (0,0), (120,0), (0,90). கடைசி இரண்டு புள்ளிகளுக்கு இடையே சரியாக 150 மி.மீ. வர வேண்டும். 150.5 வந்தால் ஏறக்குறைய 0.4 பாகை கோணல், சட்டத்தைத் தளர்த்தி மறுபடி இழுத்துக் கட்ட வேண்டியதுதான்.

அடுத்து ஸ்பிண்டிலின் செங்குத்து. 12 மி.மீ. எம்.டி.எஃப். ஒன்றை மேடையில் பூட்டி, கோலெட்டில் (ஸ்பிண்டில் முனையில் பிட்டைக் கவ்வும் வளையத்தில்) எல் வடிவத்தில் வளைத்த கம்பியை மாட்டி, கையால் சுற்றுங்கள். நான்கு பக்கமும் ஒரே தாள் ஒரே உரசலோடு நுழைய வேண்டும். ஒரு பக்கம் இறுகினால் ஸ்பிண்டில் பிடிப்பானுக்குப் பின்னால் மெல்லிய தகடு வைத்துச் சரிக்கட்டலாம். பிறகு அந்த எம்.டி.எஃப். மேற்பரப்பையே 0.3 மி.மீ. சீவிவிடுங்கள். சீவிய இடம் உழுத சால் மாதிரி வரிவரியாகத் தெரிந்தால் செங்குத்து இன்னும் சரியாகவில்லை.

கணக்கு

ஜி.ஆர்.பி.எல். (மெஷினை ஓட்டும் மென்பொருள்) உள்ள கட்டுப்பாட்டுப் பலகையில் $100, $101, $102 என்ற அமைப்புகள் எக்ஸ், ஒய், இசட் (மேல்கீழ்) ஒவ்வொன்றிலும் ஒரு மில்லிமீட்டருக்கு மோட்டார் எத்தனை ஸ்டெப் (சிறு அடி) வைக்க வேண்டும் என்பதைச் சொல்கின்றன. மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 ஸ்டெப், மைக்ரோஸ்டெப் (ஒரு ஸ்டெப்பை எத்தனையாகப் பிரிக்கிறது என்பது) 16, திருகு ஒரு சுற்றுக்கு 4 மி.மீ. நகர்த்தினால் 200 × 16 ÷ 4 = 800. திருகு 8 மி.மீ. நகர்த்தும் வகையென்றால் 400. நூறு மி.மீ. ஓடச் சொல்லி அளந்து பாருங்கள். 50 அல்லது 200 ஓடினால் திருகையோ மைக்ரோஸ்டெப்பை அமைக்கும் ஜம்பரையோ (பலகையில் செருகும் சிறு இணைப்பு) தப்பாக எடுத்திருக்கிறோம்.

99.7 வந்தால்? பலரும் இங்கே ஸ்டெப் எண்ணை மாற்றிவிடுகிறார்கள். அதைச் செய்யாதீர்கள். திருகின் அளவு அவ்வளவு எளிதில் தப்பாது, பெரும்பாலும் நட்டில் இருக்கும் விளையாட்டுதான் (தளர்வால் வரும் வெற்று அசைவு) காரணம். டயல் கேஜை (நுண்ணிய நகர்வை முள்ளால் காட்டும் அளவி) வைத்து வலப்பக்கம் 10, திரும்ப இடப்பக்கம் 10 ஓட்டுங்கள். முள் பழைய இடத்துக்கு வராமல் நின்றால் அந்த வித்தியாசமே விளையாட்டு. ஸ்ப்ரிங் வைத்த நட்டை இறுக்கினாலோ மாற்றினாலோ போகும். எண்ணை மாற்றினால் நீளம் சரியாகத் தெரியும், வட்டம் மட்டும் முட்டை மாதிரி வரும்.

பவர் ஓடும்போது மோட்டார் பிளக்கை ஒருபோதும் கழற்றாதீர்கள், மோட்டாரை ஓட்டும் டிரைவர் சிப் கருகிவிடும்.

பிட்டும் வேகமும்

ஈ.ஆர்.11 வகைக் கோலெட்டை முதலில் நட்டுக்குள் 'டக்' என்று உட்காரும்வரை அமுக்கி, அப்புறம் ஸ்பிண்டிலில் ஏற்றுங்கள். பிட்டின் வெட்டும் பகுதி கோலெட்டுக்குள் போகக் கூடாது. வேலை ஓட ஓட ஆழம் கூடிக்கொண்டே போனால் பிட் கோலெட்டிலிருந்து நழுவி இறங்குகிறது. தூசைத் துடைத்துவிட்டு மறுபடி இறுக்குங்கள்.

ஊட்ட வேகக் (பிட் மரத்துக்குள் முன்னேறும் வேகம்) கணக்கு: நிமிடச் சுற்று × பல் எண்ணிக்கை × ஒரு பல் எடுக்கும் சிராய். 9000 சுற்று, 2 பல், 0.03 மி.மீ. என்றால் நிமிடத்துக்கு 540 மி.மீ. 3.175 மி.மீ. பிட்டுக்கு மலைவேம்பில் ஒரு தடவைக்கு 0.8 மி.மீ. ஆழம், தேக்கில் 0.5. கீழே இறங்கும் வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 150 மி.மீ. எண்ணைவிட நல்ல அளவுகோல் விழும் தூள்தான்: அது ரவை மாதிரி இருக்க வேண்டும். மாவு மாதிரி இருந்தால் பிட் வெட்டவில்லை, தேய்க்கிறது. புகை வருவதும் அதனால்தான். அப்போது ஊட்ட வேகத்தைக் கூட்டுங்கள் அல்லது சுற்றைக் குறையுங்கள். பயந்து ஊட்டத்தைக் குறைத்தால் இன்னும் கருகும்.

தேக்கில் சிலிக்கா இருப்பதால் பிட் சீக்கிரம் மழுங்கும். தென்னை மரத்தின் நார்க்கட்டு இன்னும் கடுமை, பொள்ளாச்சிப் பக்கம் சும்மா கிடைக்கிறதென்று முதல் பலகையை அதில் தொடங்க வேண்டாம். வாசலில் மாட்டும் பலகைக்கு எம்.டி.எஃப். ஆகாது, ஐப்பசி மழையில் உப்பிவிடும்.

தமிழ் எழுத்தில் பெயர்ப்பலகை

பல வெட்டு மென்பொருள்களுக்குத் தமிழ் எழுத்தைக் கோர்க்கத் தெரியாது. 'கெ' என்று தட்டினால் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். அதனால் எழுத்தை இங்க்ஸ்கேப்பில் யூனிகோடில் தட்டி, 'பாத்' பட்டியலில் உள்ள 'ஆப்ஜெக்ட் டு பாத்' கட்டளையால் கோடுகளாக மாற்றி, எஸ்.வி.ஜி. கோப்பாக வெளியே எடுங்கள். மாற்றுவதற்கு முன்பே எழுத்துப்பிழை பார்த்துவிட வேண்டும், பிறகு திருத்த முடியாது.

நேர்ப் பிட்டால் குடைந்தால் 'ண', 'இ' போன்றவற்றின் சுழிக்குள் பிட் நுழையுமா என்று பாருங்கள். 3.175 பிட்டுக்குக் குறைந்தது 3.3 மி.மீ. இடைவெளி வேண்டும். இடமில்லாத சுழியை மென்பொருள் சத்தமில்லாமல் விட்டுவிடும். நம் எழுத்துக்கு வி-பிட்டே பொருத்தம், வளைவும் புள்ளியும் உளியால் செதுக்கியது போல வரும். ஆழம் கோட்டின் அகலத்தைப் பொறுத்தது: 4 மி.மீ. அகலத்துக்கு 60 பாகை பிட் சுமார் 3.5 மி.மீ. இறங்கும், 90 பாகை பிட் 2 மி.மீ. பலகை ஒரு பக்கம் 0.5 மி.மீ. தாழ்ந்திருந்தால் 60 பாகை பிட்டில் கோடு ஏறக்குறைய 0.6 மி.மீ. ஒல்லியாகிவிடும். எனவே வெட்டுவதற்கு முன் பலகையின் மேற்பரப்பையும் சீவிவிடுங்கள்.

பிடிப்புக்கு ஒரு நல்ல வழி: மேடையிலும் பலகையின் அடியிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி, இரண்டு டேப்புக்கும் நடுவே சூப்பர் குளூ விட்டு அழுத்துங்கள். கிளாம்ப் எதுவும் பிட்டின் பாதையில் நிற்காது.

இசட் பூஜ்யம் எடுக்க 0.1 மி.மீ. தாளை வைத்து, அது லேசாகப் பிடிக்கும்வரை பிட்டை இறக்கி, அந்த இடத்தை 0.1 என்று பதியுங்கள். பிட்டை மாற்றினால் இசட் மட்டும் மறுபடி எடுக்க வேண்டும். முதல் ஓட்டத்தை இசட்டை 20 மி.மீ. மேலே தூக்கிக் காற்றில் ஓட்டிப் பாருங்கள்.

கரண்ட் போனால்

பாதி எழுத்தில் கரண்ட் போனால் மெஷினுக்குத் தான் நிற்கும் இடம் தெரியாது. லிமிட் ஸ்விட்ச் (ஓட்டத்தின் எல்லையில் தட்டும் ஸ்விட்ச்) பூட்டி $22=1 கொடுத்திருந்தால், ஹோமிங் (மெஷின் அந்த ஸ்விட்சைத் தொட்டுத் தன் இடத்தை அறிவது) முடிந்ததும் ஜி54 என்ற கட்டளையில் பதிந்த வேலைப் பூஜ்யம் திரும்பக் கிடைக்கும், அது கட்டுப்பாட்டுப் பலகையின் நினைவகத்தில் தங்கும். ஜி92 கட்டளையில் வைத்த பூஜ்யம் தங்காது, அதைப் பயன்படுத்தாதீர்கள். ஸ்விட்ச் இல்லாவிட்டால் மரப்பலகைக்கு வெளியே மேடையில் ஒரு பூஜ்யக் குழி குத்தி வைத்துக்கொள்ளுங்கள். கோப்பின் நடுவிலிருந்து தொடங்கும்போது ஜி21 (மி.மீ. அளவு), ஜி90 (பூஜ்யத்திலிருந்து அளப்பது), எம்3 (ஸ்பிண்டிலைச் சுற்றுவது) வரிகளை முதலில் அனுப்ப மறந்தால் சுற்றாத பிட் மரத்தில் குத்தி முறியும்.

கரண்ட் இருந்தும் நடுவில் நின்றால், லேப்டாப் தூங்கிவிட்டதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஸ்பிண்டில் மோட்டாரின் மின் இரைச்சல் யூ.எஸ்.பி. இணைப்பை அறுத்திருக்கும். ஃபெரைட் (இரைச்சலைத் தடுக்கும் காந்தக் குண்டு) உள்ள குட்டை கேபிள் போடுங்கள். லிமிட் ஸ்விட்ச் தானாக அலாரம் அடித்தால் சிக்னலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர். எழுத்து திடீரென ஒரு பக்கம் நகர்ந்து வெட்டினால் மோட்டாரையும் திருகையும் இணைக்கும் கப்ளரின் குட்டித் திருகாணிதான் முதல் சந்தேகம்.

ஓடும் மெஷினை விட்டு எழுந்து போகாதீர்கள். ஒரே இடத்தில் நின்று தேய்க்கும் பிட் கனல் உண்டாக்கும், அது வேக்குவம் பைக்குள் போய் மெதுவாகப் பற்றும். கையுறை, தோளில் துண்டு, தொங்கும் தலைமுடி மூன்றும் ஆகாது. பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.

வெட்டி முடித்ததும் பெயிண்ட் அடிக்க அவசரப்பட வேண்டாம். முதலில் சேண்டிங் சீலர் இரண்டு பூச்சு, இல்லாவிட்டால் பெயிண்ட் மர இழைக்குள் ஊறி எழுத்தின் ஓரம் கசியும். சீலர் காய்ந்ததும் குழியில் பெயிண்ட் நிரப்பி, ஒரு நாள் விட்டு, 220 நம்பர் உப்புத்தாளைக் கட்டையில் சுற்றி மேற்பரப்பைத் தேயுங்கள். மேலே வழிந்தது போய் எழுத்து மட்டும் நிற்கும். அதன்மேல் வெயிலைத் தாங்கும் வார்னிஷ் இரண்டு பூச்சு, பலகையின் பின்பக்கத்துக்கும் சேர்த்து.