வேலூர்ப் பக்கம் விபத்து நேர்ந்தால்: முதல் தகவல் அறிக்கையைப் படிப்பது எப்படி?

சென்னை விமான நிலையத்தில் இறங்கி வாடகைக் காரில் ஊர் திரும்பும், வெளிநாட்டில் வாழும் நம்மவரில் பலர், வாலாஜா, வேலூர், பள்ளிகொண்டா, ஆம்பூர் வழியாகச் செல்லும் 48ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில்தான் வருகிறோம். அச்சாலையில் விபத்து நேர்ந்தால், மூன்று வாரத்தில் திரும்ப வேண்டியவர்கள் "வழக்கை உறவினர் பார்த்துக்கொள்வார்கள்" என்று விட்டுவிடுவதுண்டு. அப்படி விடக்கூடாது என்பதே என் உறுதியான கருத்து. ஏனெனில், நீங்கள் ஊரில் இல்லாத நாளில் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் உங்களுக்காகப் பேசப்போவது முதல் சில நாள்களில் எழுதப்பட்ட தாள்களே.

அவற்றுள் முதலாவது, பெரும்பாலும், காவல் நிலையத்தில் அன்றி மருத்துவமனையில் எழுதப்படுகிறது. அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையானாலும் சி.எம்.சி. ஆனாலும், அவசரப் பிரிவில் விபத்துப் பதிவேட்டில் குறிப்பு எழுதுவார்கள். அதன் நகலைத்தான் 'ஏ.ஆர். காப்பி' என்கிறார்கள். கார் மோதிக் காயமடைந்தவரைத் தூக்கி வந்த உறவினர், பதற்றத்தில் "வண்டியிலிருந்து விழுந்துவிட்டார்" என்று சொல்லிவிட்டால், அது அப்படியே பதிவாகி, பிற்பாடு காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் முதலில் எடுத்துக் காட்டும் சான்றாகிவிடும். எங்கள் குடும்பத்திலேயே இந்த ஒரு வரியால் இழப்பீட்டு வழக்கு நெடுங்காலம் இழுபட்டது. மோதிய வாகனம் எது, எண் என்ன என்பதை அங்கேயே சொல்லிப் பதியச் செய்யுங்கள்.

புகார் கொடுத்ததும் கிடைக்கும் சி.எஸ்.ஆர். ரசீது, மனு பெறப்பட்டதற்கான அத்தாட்சி மட்டுமே. வழக்கு பதிவானதற்கு அடையாளம் குற்ற எண்ணைத் தாங்கிய முதல் தகவல் அறிக்கைதான். அதன் நகலைத் தகவல் கொடுத்தவருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ உடனே, கட்டணமின்றிக் கொடுக்க வேண்டும் என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 173ஆம் பிரிவு சொல்கிறது. நிலைய எல்லை எது என்ற குழப்பமும் இங்கே உண்டு: 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபின் வாலாஜா ராணிப்பேட்டையிலும் ஆம்பூர் திருப்பத்தூரிலும் சேர்ந்துவிட்டன, காட்பாடியிலிருந்து சித்தூர் சாலையில் கிறிஸ்டியான்பேட்டையைத் தாண்டினால் ஆந்திரம். எல்லையைக் காரணம் காட்டிப் புகாரை வாங்க மறுக்க அதே 173ஆம் பிரிவு இடம் கொடுக்கவில்லை.

அறிக்கையைக் கையில் வாங்கியதும் 'எதிரி' என்ற சொல்லைக் கண்டு அஞ்ச வேண்டாம். காவல் நிலையத் தமிழில் அது குற்றஞ்சாட்டப்பட்டவரைக் குறிக்கும், புகார் கொடுத்தவர் 'வாதி'. 1.7.2024 முதல் சட்டப்பிரிவுகளின் எண்கள் மாறிவிட்டன. பொறுப்பற்று வண்டி ஓட்டியதற்கு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 279க்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 281 வரும். காயத்துக்கு 125(ஏ), எலும்பு முறிவு போன்ற கொடுங்காயத்துக்கு 125(பி), உயிரிழப்புக்கு 106(1). முறிவு இருந்தும் 125(ஏ) மட்டும் இருந்தால், காயச் சான்றைக் காட்டிப் பிரிவை மாற்றக் கோருங்கள்.

புகார் வாசகத்தில் "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து" என்ற தொடர் யாரைப் பற்றி எழுதப்பட்டிருக்கிறது என்பதை நிதானமாகப் பாருங்கள். வாகன எண், திசை, நேரம் ஆகியவற்றையும் ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். தமிழ் எழுத்தை வேகமாக வாசிக்க முடியாத பிள்ளைகள் கையெழுத்திடும் முன், வேறொருவரை வாய்விட்டுப் படிக்கச் சொல்வது நல்லது. பிழை இருந்தால் அறிக்கையில் அடித்துத் திருத்த முடியாது. விசாரணை அதிகாரியிடம் எழுத்து மூலம் மனுக் கொடுத்து, கூடுதல் வாக்குமூலமாகப் பதியச் செய்ய வேண்டும்.

அதன்பின் பார்வை மகஜர் (சாட்சிகள் முன்னிலையில் போலீசார் இடத்தைப் பார்வையிட்டு எழுதும் குறிப்பு), சம்பவ இடத்தின் வரைபடம், மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை ஆகியவை சேரும். 2022இல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, காவல்துறை முதல் விபத்து அறிக்கையை 48 மணி நேரத்திலும் விரிவான அறிக்கையை 90 நாளிலும் தீர்ப்பாயத்துக்குத் தர வேண்டும். அதற்குள் பலருடைய விடுப்பு முடிந்திருக்கும். இழப்பீட்டு மனுவுக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 166ஆம் பிரிவு 6 மாதக் கெடு விதிப்பதால், புறப்படுமுன்பே வழக்கறிஞரை அமர்த்தி, நம்பிக்கையான ஒருவருக்குப் பொது அதிகார ஆவணம் எழுதிக்கொடுத்துவிடுங்கள். அயல்நாட்டில் இந்தியத் தூதரகத்தின் சான்றொப்பத்துடன் எழுதி அனுப்புவதாயின், அது இந்தியாவை வந்தடைந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்தியாக வேண்டும்.