ஸ்வீடனில் சின்னதாக ஒரு கஃபே: வாடகைக் கையெழுத்துக்கு முன்னால் பார்க்க வேண்டியவை

ஸ்வீடனில் கஃபேயோ லஞ்ச் கடையோ போடப் போகிறேன் என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, இடத்துக்குக் கையெழுத்துப் போட்டாயிற்றா என்பதைத்தான். இன்னும் இல்லை என்றால் நல்லது.

காரணம், அங்கே காசு முழுங்குவது சுவருக்குள் இருக்கும் விஷயங்கள். பொரிக்க, வறுக்க வேண்டுமானால் சமையல் புகை கட்டடத்தின் கூரைக்கு மேலே போக ஒரு குழாய் வேண்டும், இதை இம்கனால் என்பார்கள். பழைய அடுக்குமாடிகளின் தரைத்தளக் கடைகளில் பெரும்பாலும் இது இருக்காது, புதிதாகப் போட வீட்டுக்காரர் சம்மதம் வேண்டும், மாடியில் குடியிருப்பவர்களின் சங்கமே வீட்டுக்காரர் என்றால் நாற்றம் வரும் என்று மறுத்துவிடலாம். அப்புறம் கழிவுநீரில் எண்ணெய் போகாமல் தடுக்கும் கொழுப்புப் பிரிப்பான். அந்த இடம் இதுவரை துணிக்கடையாக இருந்திருந்தால், உணவகமாக மாற்றக் கம்யூனின், அதாவது உள்ளூராட்சியின், கட்டட அனுமதியும் கேட்க வேண்டியிருக்கலாம். வெறும் காபியும் பன்னும்தான் என்றால் இந்தத் தலைவலி பாதி குறையும். அதனால்தான் முதல் கடைக்கு அடுப்பில்லாத மெனுவே நல்லது என்று நான் சொல்வேன்.

ஓடுகிற கடையை வாங்கினால் எல்லாம் கூடவே வரும் என்று நம்பாதீர்கள். உணவுக்கடைப் பதிவும் மது அனுமதியும் நடத்துபவருக்குத் தரப்படுபவை, புது முதலாளி புதிதாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். வாடகை ஒப்பந்தம் உங்கள் பெயருக்கு மாறவும் வீட்டுக்காரர் ஒப்புக்கொள்ள வேண்டும். விற்பவர் பேச்சை மட்டும் கேட்டு முன்பணம் தராதீர்கள்.

சரி, காகித வேலை. தனிநபர் தொழிலாகத் தொடங்கலாம், அல்லது ஆக்டிபோலாக் என்கிற கம்பெனியாகப் பதியலாம், அதற்குக் குறைந்தபட்ச மூலதனம் 25,000 குரோனர் (2020க்கு முன் 50,000). எஃப்-ஸ்காட் (சொந்தத் தொழில் செய்பவர் தன் வரியைத் தானே கட்டுவதற்கான பதிவு), மோம்ஸ் (விற்பனை மீதான வாட் வரி) இரண்டையும் வரித்துறையான ஸ்காட்டெவெர்கெட்டில் பதிய வேண்டும். உணவுக்கடைப் பதிவு தனி, அது கம்யூனின் சுற்றுச்சூழல் பிரிவில். திறப்பதற்கு இரண்டு வாரத்துக்கு முன்பாவது கொடுத்துவிடுங்கள். கட்டணம் கம்யூனுக்குக் கம்யூன் வேறுபடும்.

வரித்துறை ஆட்கள் சொல்லாமல் வருவார்கள். அவர்கள் முதலில் கேட்பது பெர்சொனால்லிகரே, அதாவது அன்று யார் எத்தனை மணிக்கு வேலைக்கு வந்தார், போனார் என்ற ஏடு. 2007 முதல் உணவகங்களுக்கு இது கட்டாயம். நண்பன் சும்மா பாத்திரம் கழுவ வந்தாலும் எழுத வேண்டும், இல்லாவிட்டால் அபராதம். ஆள் வைத்தால் சம்பளத்துக்கு மேல் 31.42 சதவீதம் முதலாளி வரி. சட்டத்தில் குறைந்தபட்சக் கூலி கிடையாது, ஆனால் தொழிற்சங்க ஒப்பந்தத்தில் உண்டு, அதைப் பார்த்துவிட்டுச் சம்பளம் பேசுங்கள்.

மது விற்பதில்தான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். ஆல்கஹால் 3.5 சதவீதத்துக்கு மேலுள்ள பியர், வைன் எல்லாவற்றையும் வீட்டுக்கு வாங்கிப் போக மக்கள் போவது அரசின் சிஸ்டம்போலாகெட் கடைக்கு. நீங்கள் மேஜையில் பரிமாற கம்யூனின் சர்வெரிங் அனுமதி வேண்டும், மதுச் சட்டத்தில் தேர்வு எழுத வேண்டும், கடைக்குப் போட்ட பணம் எங்கிருந்து வந்தது என்றும் துருவிக் கேட்பார்கள். மாமாவிடம் வாங்கிய கடன் என்றால் அதற்கும் காகிதம் வைத்திருங்கள். 3.5 சதவீதம் வரையிலான ஃபோல்க்ஓல் என்கிற லேசான பியருக்கு இவ்வளவு இல்லை, கம்யூனுக்குத் தெரிவித்தால் போதும். விலை போடும்போது ஒன்று நினைவிருக்கட்டும்: உட்கார்ந்து சாப்பிடும் உணவுக்கு மோம்ஸ் 12 சதவீதம், வைன், 3.5 சதவீதத்துக்கு மேலுள்ள பியர் போன்றவற்றுக்கு 25.

வாசலில் நாற்காலி போட ஆசையா? அது பொது நடைபாதை என்றால் போலீஸ் அனுமதி வேண்டும். கேன் பானங்களை நீங்களே வெளிநாட்டிலிருந்து இறக்கி விற்பதானால், அவை அங்கீகரிக்கப்பட்ட பன்ட் முறையில், அதாவது காலி கேனைத் திருப்பிக் கொடுத்து முன்பணத்தை வாங்கிக்கொள்ளும் முறையில் சேர்ந்திருக்க வேண்டும். சின்ன இறக்குமதியாளர்கள் பலர் வழுக்குவது இங்கேதான்.

கடைசியாக லஞ்ச். வாரநாட்களில் ஏறக்குறைய 11 முதல் 2 வரை கூட்டம், அப்புறம் காலி. லஞ்சுக்குச் சொல்லும் ஒரே விலையில் சாலட், ரொட்டி, காபி எல்லாம் அடக்கம் என்று வருபவர் எதிர்பார்ப்பார், ஆகவே காபிக்குத் தனியாகக் காசு வரும் என்று கணக்கில் போடாதீர்கள்.