பெயரும் நூலும் சேரும் இடம்: பொது நூலக இணையதளங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு பொது நூலகத்தின் இணையதளத்தில் எவையெல்லாம் தனிப்பட்ட தகவல்கள் என்று அதை நடத்துபவர்களிடம் கேட்டால், பெயர், முகவரி, தொலைபேசி எண், பிறந்த தேதி என்ற வரிசையே பெரும்பாலும் பதிலாக வரும். உறுப்பினர் படிவத்தில் உள்ள கட்டங்கள் அவை என்பதால் முதலில் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அந்த விவரங்கள் வங்கியிடமும் தொலைபேசி நிறுவனத்திடமும் கூட இருக்கின்றன. நூலகத்திடம் மட்டுமே இருப்பது வேறொன்று: இன்னார் இன்ன நோயைப் பற்றித் தேடினார், இன்னார் மணமுறிவுச் சட்டம் குறித்த நூலை முன்பதிவு செய்தார், இன்னார் மதமாற்றம் பற்றிய மூன்று நூல்களை அடுத்தடுத்து எடுத்தார் என்ற செய்தி. நூலின் பெயர் மட்டும் வெளியானால் யாருக்கும் இழப்பில்லை. வாசகரின் பெயர் மட்டும் வெளியானால் இழப்பு ஓரளவே. இரண்டும் ஒரே வரியில் சேர்ந்து நிற்கும்போதுதான் ஒருவருடைய மனத்தில் ஓடுவது பிறருக்குத் தெரியவருகிறது. நூலக இணையதளங்களில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை, இந்தச் சேர்க்கை எங்கெங்கே நிகழ்கிறது என்று எவரும் தேடிப் பார்க்காததால் விளைபவை.

இந்தக் கவலை நூலகத் துறைக்குப் புதிதன்று. வாசகர்களுடன் பழகும்போது அறியவரும் அந்தரங்கச் செய்திகளை இரகசியமாகக் காப்பது நூலகரின் கடமை என்று அமெரிக்க நூலகச் சங்கம் 1939-இல் ஏற்ற நெறிக்கோவையிலேயே எழுதி வைத்தது. அந்நாளில் அந்தக் கடமையின் பெரும்பகுதியை நிறைவேற்ற, நூலகர் வாய் திறவாமல் இருந்தாலே போதுமானதாக இருந்தது. இணையதளத்திலோ, நூலகர் எவரிடமும் எதுவும் சொல்லாதபோதும் பக்கம் தானாகவே பலரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறது.

பக்கத்தில் ஒட்டவைத்த பிறர் பொருள்கள்

நூற்பட்டியலில் ஒரு நூலுக்கான பக்கத்தைத் திறக்கும் வாசகர், அது முழுவதும் நூலகத்தின் சர்வரிலிருந்தே வருகிறது என்று நம்புகிறார். உண்மையில் மேலட்டைப் படம் ஒரு புத்தக விற்பனை நிறுவனத்திடமிருந்தும், எழுத்துரு வேறொரு நிறுவனத்திடமிருந்தும், வருகையாளர்களைக் கணக்கெடுக்கும் நிரல் இன்னொரு நிறுவனத்திடமிருந்தும், பகிர்வுப் பொத்தான் ஒரு சமூக ஊடகத்திடமிருந்தும் வரக்கூடும். இவற்றைக் கொண்டுவருவதற்காக வாசகரின் உலாவி அந்தந்தச் சர்வரைத் தனித்தனியே அழைக்கிறது. அப்போது இணையத்தில் அந்த இணைப்பைக் குறிக்கும் எண்ணான தன் ஐ.பி. முகவரியைக் கொடுக்கிறது, அந்த நிறுவனம் முன்பே உலாவியில் விட்டுச் சென்ற குக்கி என்னும் சிறு அடையாளக் குறிப்பு இருந்தால் அதையும் காட்டக்கூடும், எந்தத் தளத்திலிருந்து அழைக்கிறது என்பதையும் வழக்கமாகத் தெரிவித்துவிடுகிறது. குரோம் உலாவி 2020-லும் ஃபயர்ஃபாக்ஸ் 2021-லும் தம் இயல்பு அமைப்பை மாற்றிக்கொண்ட பின்னர், பிற தளங்களுக்குப் போவது முழு முகவரியன்று, தளத்தின் பெயர் மட்டுமே. இதைக் கேள்விப்பட்டுச் சிலர் நிம்மதி அடைகிறார்கள். ஆனால் மேலட்டைப் படத்தைக் கேட்கும் முகவரியிலேயே நூலைத் தனித்துக் குறிக்கும் ஐ.எஸ்.பி.என். எண் எழுதியிருப்பது வழக்கம் என்பதால், எந்த நூல் என்பதை மறைக்க அந்த மாற்றம் சிறிதும் உதவாது. கணக்கெடுக்கும் நிரலோ பக்கத்துக்குள்ளேயே இயங்குவதால், முகவரிப் பட்டையில் உள்ளதைத் தேடுசொல்லோடு சேர்த்துப் படித்துத் தன் வீட்டுக்கு அனுப்பும் வசதி அதற்கு உண்டு.

"நாங்கள் எதையும் சேகரிக்கவில்லை, அந்த நிறுவனம்தானே சேகரிக்கிறது" என்ற வாதம் ஐரோப்பாவில் எடுபடவில்லை. சமூக ஊடகத்தின் விருப்பப் பொத்தானைத் தன் பக்கத்தில் வைத்த தளமும், அதன் வழியே தகவல் சேகரிக்கப்பட்டு அனுப்பப்படுவதற்குக் கூட்டுப் பொறுப்பாளியே என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2019 ஜூலையில் தீர்ப்பளித்தது. வெறும் எழுத்துருவைக் கூகுளின் சர்வரிலிருந்து இறக்கியதன் மூலம் வருகையாளரின் ஐ.பி. முகவரியை வெளியே அனுப்பிய ஒரு தளம், அந்த வருகையாளருக்கு 100 யூரோ இழப்பீடு வழங்க வேண்டும் என்று 2022 ஜனவரியில் மியூனிக் நீதிமன்றம் ஒன்று உத்தரவிட்டது. தொகை சிறியதுதான். ஆனால் எழுத்துருவைப் பற்றி அதுவரை யார் கவலைப்பட்டிருந்தார்கள்?

திருத்தம் கடினமானதன்று. எழுத்துருவை நூலகத்தின் சர்வரிலேயே வைத்துக்கொள்ளலாம். மேலட்டைப் படங்களை, உரிமம் இடங்கொடுத்தால், நூலகத்தின் சர்வரே வாங்கிச் சேமித்து வாசகருக்கு வழங்கலாம். நிரலோடு கூடிய பகிர்வுப் பொத்தானுக்குப் பதிலாக வெறும் இணைப்பு போதும். வருகைக் கணக்குத் தேவையென்றால், மட்டோமோ போன்று சொந்தச் சர்வரில் நிறுவக்கூடிய, ஐ.பி. முகவரியின் கடைசிப் பகுதியை மறைத்துப் பதியக்கூடிய மென்பொருள்கள் இருக்கின்றன. கணக்குத் தேவைதானா என்று முதலில் கேட்பது இன்னும் நல்லது. ஆண்டறிக்கையில் ஒரு வரைபடம் போடுவதற்காக மட்டும் ஆண்டு முழுவதும் வாசகர்களைப் பின்தொடரும் நூலகங்கள் உண்டு என்பதே என் எண்ணம்.

சர்வர் பதிவில் தங்கிவிடும் தேடல்

தேடுபெட்டியில் எழுதப்படும் சொல் பெரும்பாலான நூற்பட்டியல்களில் பக்கத்தின் முகவரியோடு ஒட்டிக்கொள்கிறது. தேடல் முடிவைக் குறித்து வைத்துக்கொள்ளவும் பிறருக்கு அனுப்பவும் இது வசதியானது. ஆனால் அதே முகவரி, கேட்டவரின் ஐ.பி. முகவரியோடும் நேரத்தோடும் சேர்ந்து சர்வரின் அணுகல் பதிவில் ஒரு வரியாக எழுதப்பட்டுவிடுகிறது. தளம் எச்.டி.டி.பி.எஸ். என்னும் குறியாக்கம் செய்த இணைப்பு வழியாக இயங்குவதால் எல்லாம் பாதுகாப்பாக இருக்கிறது என்று எண்ணுவதே இங்கே நடக்கும் பிழை. குறியாக்கம் காப்பது வழியில் செல்லும் தகவலை மட்டுமே. போய்ச் சேர்ந்த இடத்தில் எழுதிவைக்கப்படுவதை அது தடுக்காது. ஐ.பி. முகவரி அடிக்கடி மாறுவதால் அது யாரையும் குறிக்காது என்ற சமாதானமும் பொருந்தாது. அடையாளம் காண்பதற்கான சட்ட வழி தளத்தை நடத்துபவருக்கு இருக்குமானால், மாறும் ஐ.பி. முகவரியும் தனிப்பட்ட தகவலே என்று அதே ஐரோப்பிய நீதிமன்றம் 2016-இல் கூறிவிட்டது. பழுதுபார்க்கவும் தாக்குதல்களைக் கண்டறியவும் அணுகல் பதிவு வேண்டியதுதான். ஆனால் அதற்குச் சில நாள்களோ வாரங்களோ போதும் என்னும்போது, அழிக்கும் நாளை யாரும் குறிக்காத காரணத்தால் பல ஆண்டுப் பதிவுகள் குவிந்து கிடப்பதுதான் வழக்கமாக இருக்கிறது.

திருப்பிக் கொடுத்த பின்னும் தொடரும் கடன்

நூல் கடனில் இருக்கும்வரை, அது யாரிடம் இருக்கிறது என்று நூலகத்துக்குத் தெரிந்தே ஆகவேண்டும். நூல் நல்ல நிலையில் திரும்பி, தாமதக் கட்டணமும் தீர்ந்த பிறகு அந்தத் தொடர்புக்கு என்ன வேலை? நூல் எத்தனை முறை வெளியே சென்றது என்ற எண்ணிக்கை தேவை. எவரிடம் சென்றது என்பது தேவையில்லை. இருந்தும், வாசகருக்குத் தம் பழைய நூல்களின் பட்டியலைக் காட்டும் வசதிக்காக எல்லாருடைய வரலாற்றையும் இயல்பாகவே சேமித்து வைக்கும் தளங்கள் பல. வேண்டும் என்று கேட்பவருக்கு மட்டும் அதைச் சேமிப்பதே சரியான வரிசை.

நியூசிலாந்தில் ஒரு நூலகத்துக்காக உருவாகி இன்று உலகெங்கும் பயன்படும் கட்டற்ற நூலக மேலாண்மை மென்பொருளான கோஹாவில் இதற்கென்றே ஓர் அமைப்பு இருக்கிறது. கடன் வரலாற்றை என்றும் வைத்திருக்கவோ, நூலகத்தின் இயல்புக் காலம்வரை வைத்திருக்கவோ, அறவே வேண்டாம் என்று சொல்லவோ வாசகருக்கே உரிமை தரலாம். ஆனால் இங்கே பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் மட்டும் பழைய வரிகளிலிருந்து பெயர்கள் தாமாக மறைந்துவிடா. பெயர் நீக்கும் பணி சர்வரில் குறித்த இடைவெளியில் இயங்கும்படி ஒருவர் ஏற்பாடு செய்ய வேண்டும். பக்கத்தில் "உங்கள் வரலாறு சேமிக்கப்படுவதில்லை" என்று எழுதிவிட்டு, பின்னணியில் அந்தப் பணியை இயக்க மறந்திருந்தால், தளம் வாசகரிடம் பொய் சொல்கிறது. காப்பு நகல்களிலும் இதே சிக்கல் தொடர்கிறது: இன்று நீக்கிய பெயர், கடந்த ஆண்டின் நகலில் முழுதாக இருக்கும். ஆகவே நகல்களுக்கும் ஓர் ஆயுள் குறிக்கப்பட வேண்டும்.

தேவை தீர்ந்த பின்னும் வைத்திருப்பதன் விலையை டொரான்டோ பொது நூலகம் 2023 அக்டோபரில் கொடுத்தது. பிணைத்தொகை கேட்ட தாக்குதலில் திருடப்பட்டவற்றுள் அங்கே 1998 முதல் பணியாற்றியவர்களின் விவரங்கள் இருந்தன. வாசகர் தரவுத்தளம் தப்பியது. கால் நூற்றாண்டுக்கு முன் பணியை விட்டுச் சென்றவர் கூடத் தம் அடையாள எண் குறித்துக் கவலைப்பட வேண்டியதாயிற்று.

பெயரை நீக்கினால் போதும் என்னும் நம்பிக்கை

வாசிப்புப் போக்கை ஆய்வாளர்களுக்கு வழங்கவோ பொதுவில் வெளியிடவோ விரும்பும் நூலகம், பெயர் இருந்த பத்தியை நீக்கி அதன் இடத்தில் ஓர் எண்ணை வைத்துவிட்டுத் தரவு பாதுகாப்பானது என்று நினைக்கலாம். ஏ.ஓ.எல். என்னும் அமெரிக்க இணையச் சேவை நிறுவனம் 2006-இல் இதையே செய்தது. சுமார் 6,50,000 பயனர்களின் ஏறத்தாழ 2 கோடித் தேடல்களைப் பெயருக்குப் பதில் எண்ணிட்டு வெளியிட்டது. 4417749 என்ற எண்ணுக்கு உரியவரின் தேடுசொற்களை மட்டும் வைத்துக்கொண்டு, நியூயார்க் டைம்ஸ் செய்தியாளர்கள் சில நாள்களில் அவருடைய வீட்டைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஒருவர் தேடியவை அனைத்தும் ஒரே எண்ணின் கீழ் வரிசையாக நிற்கும்போது, அந்த வரிசையே அவரை அடையாளம் காட்டிவிடுகிறது. அமெரிக்க மக்களில் 87 விழுக்காட்டினரை அஞ்சல் குறியீடு, பிறந்த தேதி, பாலினம் ஆகிய மூன்றைக் கொண்டே தனித்து அடையாளம் காண இயலும் என்று ஆய்வாளர் லதான்யா ஸ்வீனி 2000-இல் கணக்கிட்டதையும் இங்கே சேர்த்து நினைக்க வேண்டும். இவை மூன்றும் உறுப்பினர் படிவத்தில் வழக்கமாகக் கேட்கப்படுபவை. பிறந்த தேதியைக் கேட்பதற்குப் பதிலாகச் சிறுவரா, பெரியவரா என்று மட்டும் கேட்டால் எந்தச் சேவை நின்றுபோகும் என்று யோசித்தால், பெரும்பாலான நூலகங்களில் எதுவும் நிற்காது.

அட்டை எண்ணும் நான்கு இலக்கமும்

பல நூலகங்களின் உறுப்பினர் அட்டையில் 14 இலக்கப் பட்டைக்குறி இருக்கும். அதில் முதல் இலக்கம் 2 என்றால் அது வாசகர் அட்டை, 3 என்றால் நூல். அடுத்த நான்கு இலக்கங்கள் நூலகத்தைக் குறிக்கும். கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கானது. நடுவில் உள்ள எண்கள் வழங்கப்பட்ட வரிசையிலேயே ஏறிக்கொண்டு போகும். ஆகவே ஓர் அட்டையைக் கையில் வைத்திருப்பவர் அதற்கு அடுத்த அட்டைகளின் எண்களைக் கணக்கிட்டுவிட முடியும். இதற்குக் கடவுச்சொல்லாக நான்கு இலக்க எண்ணை வைத்தால் சாத்தியங்கள் 10,000 மட்டுமே. அதையும் பிறந்த ஆண்டாகவோ தொலைபேசி எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களாகவோ நூலகமே முன்கூட்டி அமைத்துக் கொடுத்துவிட்டால், குடும்பத்தில் உள்ள எவரும் பிறருடைய கணக்கைத் திறந்துவிடலாம். நூலகத்தைப் பொறுத்தவரை, தொலைதூரத்துத் திருடனைவிட ஒரே வீட்டில் இருப்பவரிடமிருந்தே வாசகருக்கு அதிகப் பாதுகாப்பு தேவைப்படுகிறது. முன்பதிவு வந்துவிட்டது என்று அறிவிக்கும் மின்னஞ்சலின் தலைப்பு வரியிலும், பூட்டிய கைபேசித் திரையில் மின்னும் குறுஞ்செய்தியிலும் நூலின் பெயரை எழுதக்கூடாது என்பதும் இதனால்தான். கணக்குக்குள் நுழைந்து பார்த்துக்கொள்ளும்படி சொன்னால் போதும்.

ஒப்புதல் பெறும் முறையில் நடக்கும் தவறுகளைச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனெனில் அவை எல்லாத் தளங்களுக்கும் பொதுவானவை. முன்கூட்டியே குறியிட்ட கட்டம் ஒப்புதல் ஆகாது என்று 2019 அக்டோபரில் ஐரோப்பிய நீதிமன்றம் சொல்லிவிட்டது. வேறொரு தளத்திலிருந்து படியெடுத்த தனியுரிமை அறிக்கையில், நூலகத்துக்குத் தொடர்பே இல்லாத வங்கிக் கடன் அட்டை விவரங்கள் இருக்கும். நூல் கடன் வரலாற்றைப் பற்றி ஒரு சொல்லும் இருக்காது.

வெளியிலிருந்து வாங்கும் சேவைகள், கேட்டு வரும் அதிகாரிகள்

மின்னூல், ஒலிநூல், நாளிதழ்க் களஞ்சியம் ஆகியவற்றை நூலகங்கள் வெளி நிறுவனங்களிடமிருந்தே வாங்குகின்றன. நூலகத்தின் தளத்திலிருந்து ஒரு சொடுக்கில் வாசகர் வேறொரு நிறுவனத்தின் விதிகளுக்குள் போய்விடுகிறார். முகப்பில் நூலகத்தின் சின்னமே தொடர்வதால் அவருக்கு அது தெரிவதில்லை. நூலக மின்னூல்களைப் படிக்கப் பரவலாகப் பயன்பட்ட அடோபியின் டிஜிட்டல் எடிஷன்ஸ் மென்பொருள், எந்த நூலின் எந்தப் பக்கங்கள் திறக்கப்பட்டன என்ற செய்தியைக் குறியாக்கம் எதுவும் இல்லாமல் நிறுவனத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தது 2014 அக்டோபரில் வெளிப்பட்டது. இப்படித் தனியுரிமையைக் குலைக்கக்கூடிய சேவைகளை வழங்கும்போது அதன் விளைவுகளை வாசகருக்கு உணர்த்தி வழிகாட்ட வேண்டும் என்று நூலகச் சங்கங்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பான இஃப்லா 2015-இல் வெளியிட்ட அறிக்கையில் வலியுறுத்தியது. அந்த உணர்த்தல் வெளியேறும் இணைப்புக்குப் பக்கத்திலேயே ஒரு வரியாக இருக்க வேண்டும். அடிக்குறிப்பில் புதைந்த ஆவணத்தின் 14-ஆம் பிரிவில் இருந்து பயனில்லை. ஒப்பந்தம் எழுதும்போது, வாசகரின் பெயருக்குப் பதிலாக மாற்று அடையாளத்தை மட்டும் அனுப்புவோம் என்று கேட்டுப் பார்க்கலாம். பெரும்பாலான சேவைகளுக்கு, வருபவர் நூலகத்தின் உறுப்பினர்தான் என்ற ஒரு செய்தி போதும்.

அதிகாரிகள் கேட்டு வரும் நாளுக்கு முன்கூட்டியே ஏற்பாடு இல்லாதது இன்னொரு குறை. 2005-இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், ஒரு கணினியைக் குறிப்பிட்ட நேரத்தில் பயன்படுத்தியவர் குறித்த பதிவுகளைப் புலனாய்வுத் துறை ஒரு நூலகக் கூட்டமைப்பிடம் கேட்டது; கேட்டதையே வெளியில் சொல்லக்கூடாது என்றும் கட்டளையிட்டது. அதன் நான்கு பொறுப்பாளர்கள் நீதிமன்றம் சென்றார்கள். 2006-இல் அந்த வாய்ப்பூட்டு நீங்கியது. எல்லா நூலகத்துக்கும் அத்தகைய துணிவோ வழக்கறிஞரோ வாய்க்காது. ஆனால் தளத்தின் தகவல் பெட்டிக்கு வரும் இத்தகைய கடிதத்துக்கு யார் பதில் சொல்வது, எழுத்து வடிவிலான சட்ட உத்தரவு இல்லாமல் எதையும் தரக்கூடாது என்பதைப் பணியாளர் அனைவரும் அறிந்திருப்பது எந்த நூலகத்துக்கும் இயலும்.

புதிய தளத்துக்கு மாறியபின் பழைய சர்வரை அணைக்காமல் விடுவதையும் இறுதியாகக் குறிப்பிட வேண்டும். 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகம் தாக்கப்பட்டு ஏறத்தாழ 600 ஜி.பி. கோப்புகள் களவுபோயின, மீண்டெழ நீண்ட காலம் பிடித்ததற்குப் பழைய அமைப்புகளைச் சார்ந்திருந்ததே முதன்மைக் காரணம் என்று அந்நூலகமே 2024 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கையில் ஒப்புக்கொண்டது. சிறிய நூலகங்களில் இது வேறு உருவில் நிற்கும்: தரவு இடமாற்றத்தின்போது எடுத்த உறுப்பினர் பட்டியல் ஒன்று விரிதாளாக யாரோ ஒருவருடைய மேசைக் கணினியிலோ, பழைய தளத்தின் கோப்புறையிலோ கடவுச்சொல் கூட இல்லாமல் கிடக்கும். மாற்றம் முடிந்த வாரத்திலேயே அதை எங்கெங்கே நகலெடுத்தோம் என்று எழுதி, ஒவ்வொன்றாக அழித்து, அழித்த நாளையும் குறித்துக்கொள்ள வேண்டும்.